சுதா கொண்டை

"மலைக்கு யாருப்பா பேரு வச்சது?"

ஐந்து வயதில் ஜெபசுதா இப்படிக் கேட்டாள். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பா, பார்க்கிறவர்கள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். மறுநாள் கடலிலிருந்து வந்ததும், பெரிய மலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சிகரத்துக்குச் 'சுதா கொண்டை' என்று பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னார். அவளுக்கு அம்மா போட்டுவிடும் குட்டிக் கொண்டை மாதிரியே இருக்குமாம்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. அப்பா பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

சுதா கொண்டையை அவள் பார்த்ததே இல்லை. கரையிலிருந்து பார்த்தால் மணல்மேடும் பனைகளும் மறைக்கும். கடலுக்குள் போனாலும் கோடையில் வெக்கை மூடும், ஆடியில் மேகம் மூடும். கார்த்திகை மழை விட்ட சில காலைகளில்தான் தெரியும். அதைப் பார்த்தால் அப்பாவையே கொஞ்சம் பார்த்த மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

மழை விட்ட ஒரு ஞாயிறு. அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு சுந்தரராஜ் மாமாவிடம் கேட்டாள். அவர் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்.

கரை சிறுத்தது. பனைகளுக்கு மேலே நீலமாய் மலைகள் எழுந்தன. பெரிய மலையின் தோளருகே குட்டியாய் ஒரு கொண்டை.

"மாமா, அதுதான் நான்."

"எது, கழுதக்காதா?"

சுதாவின் முகம் சுருங்கியது.

"ஏளா, எங்க வள்ளத்துல அதுக்கு அதான் பேரு. எங்கய்யா வச்சது."

சுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேகம் வந்து மூடும்வரை கண்ணை எடுக்கவில்லை.

திரும்பும்போது காலடியில் கிடந்த வலையைப் பார்த்தாள். ஒரு மாதமாக மீனே படவில்லை என்றார் மாமா. "கழுத ஒதச்சிட்டு போல."

முன்பு நடுக்கடலில் அப்பாவின் எஞ்சின் நின்றபோது, மீனோடு இருந்த தன் வலையை அறுத்துவிட்டு வந்து இழுத்துக் கரைசேர்த்தவர் இந்த மாமாதான். அதற்குத் தான் இன்னும் எதுவும் செய்யவில்லை என்று அப்பா போனில் அடிக்கடி சொல்வார்.

அன்று மாலை போனில் மலையைப் பற்றிச் சொன்னாள். மாமாவுக்கு மீன் படாததையும் சொன்னாள்.

"அப்பா, நம்ம இடத்த மாமாவுக்குச் சொல்லட்டுமா?"

கடலில் நின்று கரையைப் பார்த்தால், மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே சுதா கொண்டை வரவேண்டும். தெற்கே கலங்கரை விளக்கம் ஒற்றைப் பனைக்குப் பின்னால் மறையவேண்டும். அங்கே கடலடியில் மீன் கூடும் பாறை இருக்கிறது. இப்படிப்பட்ட அடையாளத்தை எந்த வள்ளக்காரரும் வெளியே சொல்வதில்லை. அப்பா போகும்போது அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"ஒம் பேருல உள்ள இடம். ஒனக்குச் சரின்னு பட்டா சொல்லு. ஆனா நம்ம இடம்னு தெரிஞ்சா அவன் வல போட மாட்டான். அடுத்தவன் அடையாளம் வேண்டாம்பான்."

மறுநாள் பள்ளி விட்டதும் சுதா கடற்கரைக்குப் போனாள். ஆள் இல்லை. மாமாவின் வள்ளத்துக்குள் ஏறி, உள்பக்கத்தில் கரித்துண்டால் கோபுரத்தையும் அதன் மேலே மலையையும் வரைந்தாள். ஒற்றைப் பனை, அதன் பின்னே கலங்கரை விளக்கம். கீழே ஒரு கொழுத்த மீன்.

மலைக்குப் பக்கத்தில் 'சு' என்று எழுதிவிட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அழித்துவிட்டு, 'கழுதக்காது' என்று எழுதினாள்.