பொய்க்கூரைக்கு மேலே நூற்று நாற்பது நாற்காலிகள்

முதல் வேர்க்கடலைத் தோல் செவ்வாய்க்கிழமை விழுந்தது.

பிராட்வெல் கவுண்டி நீதிமன்றத்தின் டவாலி மெர்ல் ஆக்ஸ்லி குனிந்து அதை எடுத்தார். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், காலையில் அவரே சுத்தம் செய்த கம்பளத்தின்மேல் கிடந்தது. அன்று வழக்கு எதுவும் இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்த அறைக்குள் யாரையும் எதையும் மெல்லவிட்டதில்லை அவர். ஒருமுறை செனட்டர் ஒருவரிடமே உள்ளங்கையை நீட்டி, சூயிங்கத்தைத் துப்பச் சொன்னவர். அண்ணாந்து பார்த்தார். வெள்ளை அட்டைச் சதுரங்கள் பதித்த பொய்க்கூரை. ஒரு சதுரத்தின் ஓரத்தில் மட்டும் விரல் நுழைகிற இடைவெளி.

"அணில்" என்று தீர்ப்புச் சொல்லித் தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை மூன்று விழுந்தன. வியாழக்கிழமை ஒரு கைப்பிடி. வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்றுதான். அது ஈரமாக இருந்தது.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில், பக்கத்து ஊர்க்காரன் வயிறெரிந்தே சாகவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு கட்டியது. ரத்தச் சிவப்பு மணற்கல், நான்கு மூலையிலும் கோபுரம், நடுவில் நான்கு முகக் கடிகாரம். நான்கு முகமும் நான்கு வெவ்வேறு மணி காட்டும், எந்தத் திசைக்காரருக்கும் வேண்டிய நேரம் கிடைக்கும். அயோவா மாநிலத்தில் அந்தக் காலத்தில் வேறு பொழுதுபோக்கு ஏது? ஒரு கொலை வழக்கென்றால் சோளத்தை வயலிலேயே விட்டுவிட்டு கவுண்டி என்கிற அந்த மாவட்டமே வண்டி கட்டிக்கொண்டு வரும். அதற்காகவே நீதிமன்ற அறைக்குள் குதிரை லாட வடிவில் ஒரு மேல்மாடம். ஆள் எழுந்தால் தானே மடங்கிக்கொள்கிற நூற்று நாற்பது மடக்கு நாற்காலி. பெண்கள் பின்னல் ஊசியோடும் ஆண்கள் வேர்க்கடலைப் பொட்டலத்தோடும் வந்து உட்கார்ந்தால், தூக்கா விடுதலையா என்று தெரியாமல் எழுந்திருக்கமாட்டார்கள். ஐம்பத்தேழாம் வருஷக் குளிர்காலத்தில், கணப்பு அடுப்புக்கு நிலக்கரி கட்டுப்படியாகவில்லையென்று மாடத்துக்குக் கீழே பொய்க்கூரையை இழுத்துவிட்டார்கள். மாடிப்படியை வாசலோடு சுவர் வைத்து அடைத்தார்கள். அன்றைக்கு மேலே இருந்தவர்களை முதலில் இறக்கியிருப்பார்கள் என்றே நம்புவோம்.

மெர்லின் கவலை வேறு. கூரைக்கு மேலே உத்திரங்கள் உளுத்துவிட்டன, இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் போடலாம் என்று கவுண்டி வாரியத்தில் பேச்சு எழுந்தபோது, மெர்ல் இடது கையை வேதப்புத்தகத்தில் வைத்து, வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்: "நானே மேலே ஏறிப் பார்த்தேன். உத்திரமெல்லாம் இரும்பாக இருக்கிறது. எலிகூட இல்லை." வாரியம் அடங்கிவிட்டது. கட்டடம் பிழைத்தது. மெர்ல் மேலே ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, நீதிமன்ற எழுத்தர் டார்லின் வாவ்ரா கோட்டை மாட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மெர்ல், மூஞ்சி வெந்த டர்னிப் கிழங்கு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அணில் தொல்லை."

"எலிகூட இல்லைன்னீங்க, இப்ப அணிலா? சரி, தலைநகர்லேருந்து இன்ஜினியர் கிளம்பிட்டாராம். பனி அள்ளுற வண்டி பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றாரு. நாலு மணிக்கு இங்க நிப்பாரு."

"இன்ஜினியரா? எதுக்கு?"

"உத்திரம் பாக்கத்தான். நீங்க சொன்னதைச் சரி பாக்கணுமாம்."

"நான் சத்தியம் பண்ணினது போதாதா?"

"எட்டடிக் கெளுத்தி மீன் பிடிச்சேன்னவருதானே நீங்க? உங்க பெண்டாட்டியே பாதிக்குப் பாதி தள்ளிட்டுத்தான் கேப்பா." அவள் சிரித்தாள். "அது சரி, எப்படி ஏறினீங்க? பல்பு மாத்தவே என்னைத்தானே ஏணியில ஏத்துவீங்க!"

"அது... தலை சுத்தாத நாளாப் பாத்து ஏறினேன்."

"பாத்துக்குங்க ராசா, பொய்ச்சத்தியத்துக்கு அஞ்சு வருஷம். வாராவாரம் கேக் கொண்டாந்து குடுக்க நான் தயார், கம்பி எண்ண நீங்க தயாரா? கதவைப் பூட்டிக்குங்க. ரோடு மூடறதுக்குள்ள நான் ஓடறேன்."

அவள் வண்டிச் சத்தம் பனியில் கரைந்தது. மெர்ல் முன்கதவைப் பூட்டினார். வேலை, பென்ஷன், இருபத்தாறு வருஷ மரியாதை எல்லாம் அந்த அட்டைகளுக்கு மேலே இருந்தது. நாலு மணிக்குள் ஏறி ஒருமுறை பார்த்துவிட்டால் பொய் நிஜமாகிவிடும். தேதிதான் கொஞ்சம் முன்பின்.

ஏணியைக் கொண்டுவந்து, தோல் விழுந்த சதுரத்துக்கு நேர்கீழே நிறுத்தினார். உயரமான ஜன்னல்களை ஐம்பத்தேழாம் வருஷத்துக் கூரை பாதியில் வெட்டியிருந்தது; கீழ்ப்பாதியில் பனி நெருக்கமாக, சத்தமில்லாமல், யாரோ வெளியிலிருந்து வெள்ளைத் துணியை இழுத்து மூடுவதைப்போல ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் படியில் அவருக்கு ஒரு வாசனை தட்டியது: நனைந்த கம்பளி, தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய், நிலக்கரிப் புகை, இவற்றுக்கு அடியில் வறுத்த கடலை. ஐந்தாம் படியில் சத்தம் கேட்டது. காற்றென்று நினைத்தார். காற்று இருமாது. காற்று குழந்தையை "உஷ்" என்று அடக்காது. பின்னல் ஊசிகள் ஒன்றோடொன்று தட்டுகிற டிக் டிக்கும், காலணிகள் பலகையில் தேய்வதும், நிறைந்த சபை நீதிபதிக்காகக் காத்திருக்கும்போது எழுகிற அந்தத் தணிந்த, பொறுமையிழந்த முணுமுணுப்பும் அவருக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷம் கேட்ட சத்தமாயிற்றே.

இறங்கிவிடலாம் என்று காலைப் பின்னால் எடுத்தார்.

நீதிபதி அறைக் கதவின் தாழ்ப்பாள் 'க்ளிக்' என்றது.

இங்கேதான் மெர்ல் தவறு செய்தார். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் அவர் மூளையைக் கேட்காமலே அவர் வாய் பேசும். ஒருமுறை வீட்டுக் குளியலறைக் கதவு அப்படிச் சத்தம் போட்டபோது, துண்டோடு வெளியே வந்த மனைவியின் எதிரிலேயே கத்தியிருக்கிறார். இப்போதும் வாய் திறந்துகொண்டது.

"எல்லாரும் எழுந்திருங்க!"

முணுமுணுப்பு நின்றது.

பிறகு, அவர் தலைக்கு மேலே, நூற்று நாற்பது மடக்கு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் மடங்கின.

தூசி கொட்டியது. கண்ணில், வாயில். கூரை முழுக்க அட்டைகள் குதித்து அடங்கின. மெர்ல் ஏணியைக் கட்டிக்கொண்டார்.

"உக்... உக்காருங்க" என்றார் மெதுவாக.

யாரும் உட்காரவில்லை. அதைச் சொல்ல டவாலிக்கு அதிகாரம் இல்லை. நீதிபதிதான் சொல்லவேண்டும்.

கீழே கதவு திறந்தது. காலடி. அவசரமில்லாத காலடி. நீள அங்கி தரையில் உரசும் சத்தம். ஒரு படி. இரண்டாம் படி. மூன்றாம் படி. நீதிபதியின் நாற்காலி கனம் தாங்காமல் முனகியது.

மெர்ல் கீழே பார்க்கவில்லை. இறங்கினால் அங்கேதான் இறங்கவேண்டும். ஆகவே ஏறினார். அட்டையைத் தலையாலேயே முட்டித் தள்ளினார்.

ஜன்னல்களின் வளைந்த மேல்பாதி அங்கே இருந்தது. நீலமான பனி வெளிச்சம். உத்திரங்கள் நன்றாகத்தான் இருந்தன. இரும்பு மாதிரி. அதைப் பார்த்து அரை நொடி சந்தோஷப்பட்டார்.

அப்புறம் மாடத்தைப் பார்த்தார்.

வரிசை வரிசையாக நின்றார்கள். தொப்பியை மார்பில் அணைத்த ஆண்கள். நூலை விடாத பெண்கள். தோளில் குழந்தை. எல்லார்மேலும் கம்பளிபோலக் கனத்த சாம்பல் தூசி. கண்ணிமையிலும். உதட்டிலும். அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள்.

கீழே சுத்தியல் ஒருமுறை தட்டியது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

வெகு தூரத்தில், முன்கதவை யாரோ குலுக்கினார்கள். "ஆக்ஸ்லி! உள்ளே யாராவது இருக்கீங்களா?" இன்ஜினியர். கத்த வாயைத் திறந்தார் மெர்ல்.

கூரைக்குக் கீழே, ஏணியைப் பிடித்திருந்த அவர் இடது கையை ஒரு கை தொட்டது. குளிர்ந்த கை. பொறுமையான கை. விரல் விரலாகப் பிரித்தெடுத்தது. எதன்மேலோ வைத்தது. தோல் அட்டை. தடித்த புத்தகம். மேலேயிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.

வலது கை தானாக உயர்ந்தது. அட்டைச் சதுரத்தைத் தாண்டி. நீல வெளிச்சத்துக்குள். உள்ளங்கை விரிந்தது.

இரண்டு கையும் ஏணியில் இல்லை. அவர் விழவில்லை.

மாடத்தில், முதல் வரிசை கைப்பிடிமேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தது. அதன் தோள்மேல் இரண்டாம் வரிசை. அதன் தோள்மேல் மூன்றாவது. அவர் வாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில் வந்து நின்றன அத்தனை காதுகளும்.