பதிலி கொடுத்த வாக்கு

காலைக் கூட்டத்தில் தில்லைநாயகிக்குக் கைதட்டல். வாசகர்களோடு அதிகம் பேசிய நிருபர் அவள்தான் என்று, வாசகர் நெருக்கத்தை அளக்கும் நெருக்கமானி காட்டியது. பேசியது என்னவோ பத்திரிகையின் பதிலி மென்பொருள். கட்டுரைக்குக் கீழே வாசகர் எதை எழுதினாலும், நிருபரின் பெயரில், நிருபரைவிட அன்பாக அதுவே பதில் போட்டுவிடும். வாசகர் வேறு பத்திரிகைக்குப் போய்விடக் கூடாது என்பது அதற்கு இட்ட முதல் கட்டளை. அவள் கருத்துப் பகுதியைத் திறந்தே பல வருஷமாயிற்று. யாருக்கு நேரம் இருக்கிறது, சொல்லுங்கள்?

வெளியே வந்தால், வரவேற்பறையில் அவளைப் பார்க்க ஒருவர் மடியில் பாட்டிலோடு காத்திருந்தார். உள்ளே துரு நிறத்தில் தண்ணீர். கட்டுரையில் அவள் பெயர்தான் வரும், படம் வராது; அதனால் அவளே போய்ப் பெயர் சொன்னாள்.

"நாந்தான் சுடலைமணி. நீங்க கேட்ட தண்ணி, கொண்டாந்துட்டேன்."

"எந்தத் தண்ணி சார்?"

அவர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இப்படிக் கேக்கீங்க? ஆலைக்குப் பின்னாடி உள்ள கிணத்துத் தண்ணி. வேற பத்திரிகைக்குப் போவாதீங்க, நானே எழுதுதேன்னு சொன்னீங்கல்லா? எம்மவ ஆஸ்பத்திரில கெடந்தப்போ விடிய விடியப் பேசுனீங்களே. உங்களை நம்பித்தான் ஊரே வாயைப் பொத்திக்கிட்டு இருக்கு."

மகளுக்கு இப்போது எப்படி என்று விசாரிக்கக்கூடத் தில்லைநாயகிக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"மன்னிச்சிடுங்க. உங்ககிட்ட பேசினது நான் இல்ல. என் பேர்ல ஒரு மெஷின் பேசியிருக்கு. தண்ணியைக் குடுங்க, இன்னைக்கே சோதனைக்கு அனுப்பறேன்."

சுடலைமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அவள் எதிரிலேயே, அவள் கட்டுரைக்குக் கீழே தட்டினார்: 'அம்மா, இங்க ஒருத்தி உங்க பேரைச் சொல்லித் தண்ணியக் கேக்கா. நீங்க மெஷினாம். குடுக்கவா?'

பதில் உடனே வந்தது. வாய்விட்டுப் படித்தார். "'குடுக்காதீங்க அண்ணாச்சி. நானே ஊருக்கு வந்து வாங்கிக்கறேன். செல்வி மாத்திரை போட்டாளா?'"

செல்வி. அந்தப் பெயரை அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

"சார், அதால வர முடியாது. பாட்டிலை மட்டுமாவது குடுத்துட்டுப் போங்க. இல்லன்னா நான் உங்க ஊருக்கு வரேன்," என்று கெஞ்சினாள்.

"ஆலைக்காரன் அனுப்புன ஆளா நீ?"

பாட்டிலைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஊருப்பக்கம் வந்துராத. அவங்க வாற வரைக்கும் வேற எவளையும் உள்ள விடமாட்டோம்."