மயிலி எதையும் மறக்கவில்லை

பவுனம்மாளின் மாடு, புயலில் செத்த அதே மாடு, மாசி மாதத்தில் அரசாங்க வண்டியிலிருந்து நடந்து இறங்கியது. நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு, அதே வளைந்த கொம்பு. மடி மட்டும் முன்னைவிட இரண்டு பங்கு. நேராகத் தன் கட்டுத்தறிக்குப் போய் நின்று, தவிடு எங்கே என்பதுபோலப் பார்த்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற தையல்நாயகிக்கு வயிறு எரிந்தது.

நிவாரணத்தைப் பணமாகக் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது மாவட்டத்தில் ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஓர் உயிர்வில்லை. மாட்டின் உயிரணுவும், கடைசி மூச்சு வரையிலான ஞாபகமும் அதற்குள் பத்திரமாக இருக்கும். பேரிடரில் மாடு செத்தால், மீட்புக்கூடத்தில் நாலே மாதத்தில் அதையே கறவை மாடாக வளர்த்துத் தருவார்கள். ஞாபகம் எதற்கு என்றால், ஆரம்பத்தில் அது இல்லாமல் வந்த மாடுகள் வீடு தெரியாமல் விழித்தன, கறக்க வந்தவர்களை உதைத்தன. வளர்க்கும்போதே பாலையும் கூட்டிவிடுவார்கள். உயிரோடு தப்பிய மாட்டுக்கு ஒன்றும் கிடையாது.

"நம்ம மயிலி கழுத்தளவு தண்ணியில நீந்திக் கரையேறுச்சு. அதுக்கு என்ன கெடச்சுது? சளி புடிச்சுது!" என்றாள் கணவர் உத்திராபதியிடம்.

"மாடு பொழச்சுதேன்னு சந்தோசப்படு புள்ள."

"அவ சொசைட்டிக்குக் குடத்துல கொண்டு போறா, நான் சொம்புல கொண்டு போறேன். ரொம்ப சந்தோசம்."

போதாக்குறைக்குப் பவுனம்மாள் ஒரு கிண்ணத்தில் திரட்டுப்பால் கொண்டுவந்து நீட்டினாள். "பால் மிஞ்சிப் போச்சுக்கா. வீணாப் போவுதேன்னு கிண்டினேன்." தையல்நாயகி கிண்ணத்தை வாங்கி, தொடாமலே உத்திராபதி பக்கம் தள்ளினாள்.

ஐப்பசியில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. அந்தக் கரையோர ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஏறினால் முதலில் மாட்டின் கயிற்றை அவிழ்க்க வேண்டும்; பிறகுதான் வீட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அவிழ்த்த மாடு பெரும்பாலும் மேடு தேடிவிடும்.

உத்திராபதி மூட்டைகளோடு பள்ளிக்கூட மேட்டுக்குப் போயிருந்தார். தையல்நாயகி கொட்டகைக்குள் நுழைந்ததும் மயிலி அவள் கையை நக்கியது. அவள் முடிச்சில் விரல் வைத்தாள்.

"அக்கா! மயிலிய அவுத்துட்டியா?" வேலிக்கு அப்பாலிருந்து பவுனம்மாளின் குரல்.

"ஆச்சுடி, ஆச்சு!"

முடிச்சை இன்னும் இறுக்கினாள். "கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு. ராசாத்தி மாதிரி திரும்பி வருவ" என்று மாட்டின் காதில் சொல்லிவிட்டுப் போனாள். உயிர்வில்லை இருந்த காது அது.

மாசியில் மயிலி வந்தது. ஆரத்தி எடுத்தார்கள். மடியைப் பார்த்துத் தையல்நாயகிக்கு வாயெல்லாம் பல்.

"எதையும் மறந்திருக்காதும்மா, பழைய மாதிரியே பழகும்" என்றார் கால்நடை மருத்துவர்.

தையல்நாயகி கயிற்றை எடுத்தாள். மயிலி வெடவெடவென்று நடுங்கிப் பின்வாங்கியது. கிட்டே போனால் கொம்பை ஆட்டியது. வேடிக்கை பார்க்க வந்த பவுனம்மாள் கயிற்றை வாங்கியதும் குழந்தைபோல அவள் பின்னால் போனது.

"ஒன்னக் கண்டா ஏன்க்கா இப்படி மெரளுது?"

"எனக்கென்னடி தெரியும்?"

அன்றிலிருந்து மயிலியைக் கட்டுவதும் கறப்பதும் பவுனம்மாள்தான். வேறு யார் மடியைத் தொட்டாலும் மயிலி பாலை விடாது. "பவுனம்மா கைராசி யாருக்கு வரும்!" என்று ஊரே பேசியது. பால் இரண்டு பங்கானது, தையல்நாயகியின் வயிற்றெரிச்சலும்தான்.

மறு ஐப்பசியில் சங்கு ஊதியதும் உத்திராபதி மூட்டைகளோடு மேட்டுக்குப் போக, தையல்நாயகி கொட்டகைக்கு ஓடினாள். இந்த முறை அவிழ்க்கத்தான் ஓடினாள். அவள் கை நீண்டதும் மயிலி சுவரோடு ஒட்டிக்கொண்டு திமிறியது. திமிறத் திமிற முடிச்சு இறுகியது. தண்ணீர் அதன் முழங்காலைத் தொட்டது. செத்தால் மறுபடி வரும். இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டு வரும்.

"பவுனு! ஓடி வாடி! மயிலிய அவுத்து வுடுடி!"

"நான் எங்கூட்டு மாட்ட அவுத்துக்கிட்டு இருக்கேன். நீயே அவுக்க வேண்டியதுதானக்கா? போன தடவ நீதான அவுத்த?"

மயிலி தையல்நாயகியையே பார்த்துக்கொண்டிருந்தது.