நாளைய தேதி

பூஞ்சை வளர்க்கும் தட்டின் மூடியில் நாளைய தேதி எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்தில்.

பூஞ்சையை வாரந்தோறும் பழைய தட்டிலிருந்து எடுத்துப் புதிய தட்டில் வைக்க வேண்டும். தவறினால் அது தன் கழிவிலேயே செத்துப்போகும். அதோடு அவளுடைய முதுகலை ஆய்வும் போகும். பல வாரங்களாக அவள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். இன்று செத்ததைப் பார்க்கத்தான் வந்தாள். வளர்ப்பறையின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் புளித்த மாவும் கலந்ததுபோன்ற வாடை முகத்தில் அடித்தது. குளிர்பதன இயந்திரத்தின் முனகல் ஒரு கணம் நின்று, யாரோ மூச்சை இழுத்துக்கொண்டதுபோல மறுபடி தொடங்கியது. நீல விளக்கின் கீழே புதிய தட்டுகள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாக, செழிப்பாக, பூஞ்சை.

"என்ன 'நாளைக்கு' மேடம், திடீர்னு இவ்வளவு சுறுசுறுப்பு?" ஆய்வக உதவியாளர் அக்கா வாசலில் துடைப்பத்தோடு நின்றார். "காலையில நான் பூட்டைத் திறக்கறேன், நீங்க உள்ள உக்காந்திருக்கீங்க. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல."

"நானா?"

"இல்ல, உங்க ஆவி." அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

காலையில் அவள் போர்வைக்குள் இருந்தாள். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரோ செய்துவிட்டார்கள், யாராக இருந்தால் என்ன? விசாரிப்பதையும் நாளைக்கு வைத்துக்கொண்டாள்.

பிறகு அது பழகிவிட்டது. அளவெடுப்பு, வரைபடம், கடைசி அத்தியாயம். "நாளைக்குப் பண்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுத்தால் போதும், மறுநாள் முடிந்திருக்கும். பிழையே இல்லாமல். அவளால் ஒருபோதும் எழுத முடியாத தெளிவான வாக்கியங்களில். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. பேராசிரியர் முதன்முறையாகப் பாராட்டினார். நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய கண்கள் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு மாலை, அவள் உள்ளே இருக்கும்போதே அக்கா விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். "உள்ள இருக்கேன்க்கா" என்று கத்தினாள். காலடிச் சத்தம் நிற்கவில்லை. இருட்டில் தடவித் தடவி வெளியே வந்து வீட்டுக்குப் போனால், சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதும்மா."

அம்மா திரும்பவில்லை. "இப்பத்தானே சாப்பிட்டுப் போன?"

உள்ளறையில் விளக்கு எரிந்தது. தாள் புரளும் ஓசை. அவள் அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

வாய்மொழித் தேர்வை மட்டும் தானே எழுந்து போய்ச் செய்வது என்று முடிவெடுத்தாள். அதையும் விட்டுக்கொடுத்தால் தன் பெயரில் எதுவும் மிஞ்சாது. காலையில் விழிப்பு வந்தது. படுக்கை கதகதப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம்தான்.

ஓடினாள். துறையின் நீண்ட தாழ்வாரத்தில் மாணவர்கள் யாருமில்லை. தேர்வு அறை சாத்தியிருந்தது. உள்ளே ஒரு குரல், நிதானமாக, தயங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுடைய குரல்.

கதவைத் தட்டினாள். ஓசை எழவில்லை. மறுபடி தட்டினாள். எழவில்லை.

கதவுக்கு எதிரே மர பெஞ்சில் அம்மா, காதில் கைபேசியோடு. அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கேக்குதாங்க? உள்ள பேசறது நம்ம பொண்ணுதான். இவள நெனச்சு எத்தன தடவ அழுதிருப்பேன்! இப்பத்தான் எனக்குப் பொண்ணே பொறந்த மாதிரி இருக்கு."

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா."

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மூடிய கதவைப் பார்த்து.

"அம்மா, நான் இங்க இருக்கேன்."

அம்மா தோளிலிருந்த கனத்த பையைக் கழற்றினாள். கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல், பக்கத்தில் இறக்கினாள். அவள் மடியில். பை இறங்கியது. மடியில் நிற்கவில்லை. தொடையில் நிற்கவில்லை.

பெஞ்சின் மரத்தில் போய் உட்கார்ந்தது.