ஸ்டியரிங்கில் ஒரு ஆள்

காரின் ஸ்டீரியோவைக் கழற்றிப் போட்ட பிறகும் ஹெட்லைட் தாளத்துக்கு மங்கியது. பாட்டு இல்லை. முன்னால் விழுந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும் தும், தும்தும் என்று சுருங்கி விரிந்தது.

அண்ணன் இருந்தபோது இப்படித்தான். டிக்கி முழுக்க ஸ்பீக்கர், சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொரு அடிக்கும் அது பேட்டரியை உறிஞ்ச, விளக்குக்குக் கண் சொருகும். தங்கையான அவள் பிறப்பதற்கு முன்பே ஓடிய கார். ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் சோறு போடவே அதன் ஆல்டர்னேட்டர் திணறும். "கெழட்டு மாட்டுல ரயில் பெட்டியைக் கட்டுறியேப்பா" என்று எலெக்ட்ரீஷியன் சொன்னதற்குச் சிரித்தான். போன மழைக்காலத்தில், இப்போது அவள் ஏறுகிற இதே மேட்டில், பாட்டு அலற வந்தவனுக்கு எஞ்சின் நின்றது, விளக்கும் செத்தது. ஸ்டியரிங்கில் உட்கார ஆளில்லாமல், கதவோரம் நின்று ஒற்றையாகத் தள்ளியிருக்கிறான். பின்னால் வந்த லாரிக்கு இருட்டில் எதுவும் தெரியவில்லை.

அவளைப் பட்டதாரியாக்கத் தன் படிப்பை விட்டவன். "பாட்டுக்காக உசிரை விட்டான்" என்று துக்க வீட்டில் உச்சுக்கொட்டியவர்களை அவள் வாய்க்கு வந்தபடி திட்டித் துரத்தினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியேற ஒருத்தருமில்லை. வாசலில் கார் நிற்கும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் மேட்டுக்கு அந்தப் பக்கம் அதை வாங்கப்போகிறவரிடம் தானே ஓட்டிப் போகிறாள்.

செட்டும் இல்லை, அதன் ஒயரும் இல்லை, இருந்தும் ஏதோ ஒன்று கரண்டை இழுக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை என்று எலெக்ட்ரீஷியன் மதியம் சொல்லியிருந்தார்.

மழை வலுத்தது. நனைந்த சீட்டின் முடை நாற்றத்துக்கு அடியிலிருந்து, இல்லாத ஒயர் சூடேறும் வாடை மெல்லக் கிளம்பியது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. தும், தும்தும். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் கொஞ்சம் குறைவாகவே திரும்பி வந்தது.

பாதி மேட்டில் எஞ்சின் நின்றது.

சாவியைத் திருப்பினாள். டிக். மறுபடியும். டிக்.

போனை எடுத்தாள். இந்த மாதிரி நேரத்தில் அவள் கூப்பிடுகிற ஒரே நம்பர் அண்ணனுடையது.

கார் பின்னால் உருளப் பார்த்தது. நியூட்ரலில் போட்டுப் பிரேக்கை அழுத்தி மிதித்தாள்.

கார் முன்னால் அசைந்தது. பிரேக்கை மீறி. மேட்டில் ஏறி.

தும். ஒரு சாண். தும்தும். இன்னும் கொஞ்சம்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். செத்த பேட்டரியில் பிரேக் லைட் மட்டும் தாளத்துக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அந்தச் சிவப்பில், பின்கண்ணாடியில் அப்பியிருந்தன இரண்டு உள்ளங்கைகள்.

"பிரேக்கை விடு பாப்பா. தள்ளுறேன்ல."

அதே குரல். அன்று ஸ்டியரிங்கில் உட்கார ஆளில்லை. இன்று அவள் இருக்கிறாள்.

கால் எழவில்லை. கீழே, வளைவில், லாரியின் இரண்டு விளக்குகள் திரும்பின. அவன் முதுகுக்கு நேராக.

"அண்ணா, ஓரமாப் போ."



வெளிச்சம் பின்கண்ணாடியை நிறைத்தது. கைகள் நகரவில்லை. விரல்கள் மட்டும் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தன.

தும். தும்தும்.