கட்டிலில் கூடிய எடை

வாலிநோக்கம் போகும் சாலையில் இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பூங்கோதைக்கு அன்றுதான் முதல் நாள். உச்சிவெயிலிலும் தீவிர சிகிச்சை அறை இருண்டு கிடந்தது. டெட்டால் வாடையையும் மீறி ஏதோ அழுகிய நெடி.

கட்டிலில் உப்பளத் தொழிலாளி பால்சாமி. காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கியிருந்தது. அதை ஏற்றும் மருந்தை அவர் எடைக்குத் தக்கபடிதான் நரம்பில் ஓடவிட வேண்டும். அளவு மீறினால் இதயமே நின்றுவிடும்.

நோயாளியின் எடையைக் காட்டும் கட்டில் அது. நூற்றுப் பத்து கிலோ என்றது.

பூங்கோதை திகைத்தாள். ஆள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

“உங்க வீட்டுக்காரர் எடை தெரியுமாக்கா?”

“போன வாரந்தான் உப்பு மூட்டை நிறுக்குற தராசுல ஏறி நின்னாரு. அம்பதுதாம்மா,” என்றாள் மனைவி சுகந்தி.

ஐம்பதுக்கே கணக்குப் போட்டாள். டாக்டர் இஃப்திகாரும் தனியாகப் போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்து வந்தன. மருந்து செலுத்தும் பம்பில் வேகத்தை வைத்து ஓடவிட்டாள்.

பம்பின் எண் தானாக ஏறியது.

நிறுத்தக் கை நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாத குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டை முறுக்கின.

மளுக்கென்று எலும்பு முறிந்தது.

பால்சாமியின் நெஞ்சு, யாரோ ஏறி மிதித்தது போல் உள்ளே அமுங்கியது. விலா ஒடியும் சத்தம். வாயிலிருந்து ரத்தம் பீறிட்டது. அதனூடே அவருடையதல்லாத ஒரு குரல்.

“எனக்கும் சேத்து ஓடவிடு.”

சுகந்தி அலறினாள். பூங்கோதை ஒற்றைக் கையால் மருந்துக் குழாயை அடைத்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கை அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதியது. மறுபடி மோதியது. நெற்றி ரத்தம் கண்ணை மறைத்தும் அவள் குழாயை விடவில்லை.

“கட்டில விட்டு ஆள எறக்குங்க!” டாக்டர் கத்தினார்.

மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். முதுகுத் தோல் மெத்தையோடு ஒட்டிக் கிழிந்தது.

வேறு கட்டிலில், வேறு பம்பில், ஐம்பது கிலோவுக்கான மருந்து ஓடியது. அழுத்தம் மெல்ல ஏறியது. பால்சாமி பிழைத்தார்.

பூங்கோதையின் கைக்குக் கட்டுப் போடும்போது டாக்டர் கிசுகிசுத்தார்.

“எனக்கு முன்னாடி இருந்தவங்க, ஒருத்தருக்கு எடை பாக்காமக் கண்மதிப்பா மருந்து ஓட்டிருக்காங்க. மருந்து பத்தாம, அந்தக் கட்டில்லயே துடிச்சுச் செத்தாராம்.”

மறுநாள் கட்டிலை வெளியே எறியச் சொன்னார்கள். ஆட்கள் கூடித் தூக்கியும் அது அசையவில்லை.

ஆளில்லாத மெத்தையில், விரிப்பு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.