உருண்டையின் கன்னம்

மகளுக்கு முகம் கழுவிவிடும்போதுதான் அது விரலில் தட்டுப்பட்டது. இடது கன்னத்தில், எப்போதோ கட்டில் முனையில் இடித்து வந்த பிறைத் தழும்புக்குப் பக்கத்தில், ஒற்றை முடி. பூனைமுடி என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? இது வெள்ளையாகத் தடித்து, தேய்ந்த பிரஷ்ஷின் நார் போல விறைத்து நின்றது. பள்ளி வேன் வரும் அவசரத்தில் நகங்களுக்கு நடுவே பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். சுலபத்தில் வரவில்லை. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்து, கடைசியில் வேரோடு கழன்றபோது அடியில் சோற்றுப் பருக்கை அளவுக்கு மஞ்சள் கொழுப்பு ஒட்டியிருந்தது.

"வலிக்குதும்மா."

"முடிஞ்சிடுச்சு கண்ணு. ஒரு குட்டி முடி, அவ்வளவுதான்."

விரலை முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. முகர்ந்தாள். புகையிலை, தலைச்சாயம், மாதக்கணக்கில் துவைக்காத தலையணை உறை. விழுந்த முன்பல் இன்னும் முளைக்காத பிள்ளையின் முகத்தில் இந்த நாற்றம் எங்கிருந்து வரும்? சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். "உருண்டை, பையை எடு, வேன் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தாள். அந்த உப்பிய கன்னங்களுக்காக வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பள்ளிக்குக் கொடுத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வேன் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேலையைத் திறக்க மனசு வரவில்லை. இந்த சினிமா வேலை கைக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

வீட்டிலிருந்தே படம் வரைந்து பிழைப்பவள் அவள். சிறுவர் புத்தகங்களுக்கு முயலும் யானையும், விளம்பரங்களுக்கு ஆடிப்பாடும் பொம்மைகளும் வரும்போது அவள் ராணி. வராதபோது சினிமாவுக்குத் துப்புரவு வேலை. காட்சியில் இருக்கக் கூடாததை எல்லாம் ஒவ்வொரு பிரேமாகப் போய், இருந்த சுவடே தெரியாமல் அழிக்க வேண்டும். இதுவரை கயிறு, கம்பி, மூலையில் எட்டிப் பார்க்கும் மைக் என்று அழித்திருக்கிறாள். இந்த முறை அழிக்கக் கொடுத்தது ஒரு மனுஷனின் வயசை.

எல்லோரும் 'சார்' என்று கூப்பிடும் அந்த நடிகர், பேரன் எடுத்த வயதில் கல்லூரி மாணவனாக நடித்திருந்தார். நிஜக் கல்லூரியாக இருந்திருந்தால் வாசலிலேயே காவலாளி, "யாரைப் பார்க்கணும் பெரியவரே?" என்று கேட்டிருப்பான். அவள் முன்னால் அந்த முகம் திரை கொள்ளாமல் பெருகிக் கிடந்தது. மேக்கப் மாவு அடைத்துக்கொண்ட துவாரங்கள், அவற்றின் வாயில் கறுத்து எண்ணெய் கசியும் முளைகள், மூக்கிலிருந்து வெளியே வந்து வியர்வையில் ஒட்டிக்கொண்ட மயிர், ஒவ்வொரு வசனத்துக்கும் உதட்டோரத்தில் நூலாக நீண்டு அறுந்து மறுபடி சேரும் வெள்ளை எச்சில், சாயம் கரைந்து நெற்றியில் இறங்கும் பழுப்பு, இடது தாடையில் மூன்று மயிர் முளைத்த மரு, அதற்குப் பக்கத்தில் பழுத்து மினுங்கும் ஒரு கட்டி. இதை நாள் முழுக்க, மூக்கு முட்டும் தூரத்தில், உற்று உற்றுப் பார்க்க வேண்டும். படத்துக்கு நாற்றம் கிடையாதுதான். ஆனாலும் அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் வேலை செய்தாள். சீச்சீ, என்ன பிழைப்பு இது!

ஒரு பருவை மறைக்க, பக்கத்திலிருந்து நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்து அதன்மேல் ஒட்டுவார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இந்த முகத்தில் நல்ல தோலுக்கு எங்கே போவது? தேடிச் சலித்துப்போய், ஒரு நாள் மகளின் போட்டோவைத் திறந்தாள். பால்கனி வெளிச்சத்தில், முன்பல் விழுந்த ஓட்டையோடு உருண்டை சிரிக்கும் படம். வெளிச்சம் விழுந்த பக்கம்கூட அப்படியே பொருந்தியது. இடது கன்னத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து சாரின் முகத்தில் வைத்தாள். ஓரங்களைக் கலக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது.

வேலையை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் அன்றைக்கே போன் செய்தான். "என்ன மாயம் பண்ணீங்க மேடம்? சார் பார்த்துட்டு அசந்துட்டாரு. எல்லா ஷாட்டுக்கும் இதையே போட்டுடுங்க."

போட்டாள். வேலையை அனுப்பும்போது, பயன்படுத்திய படங்களை எல்லாம் ஃபைலோடு சேர்த்து மூட்டை கட்டும் பொத்தான் ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் அதையும் அழுத்தி அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அந்த முடி வந்தது.

மறுநாள் காலையில் பிடுங்கிய இடத்தில் முடிகள் கொத்தாக நின்றன. அதற்கடுத்த நாள் கன்னத்தில் துவாரங்கள் திறந்திருந்தன. கைவிரலால் தொட்டால் ரவையைத் தடவுவது போல நறநறத்தது. ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி, லேசாக அழுத்தினால் புழு போல நெளிந்து வெளியே வந்தது. துண்டால் துடைக்கத் துடைக்க எண்ணெய் ஊறியது. தலையணையில் அந்தப் பக்கம் மட்டும் பழுப்புக் கறை.

"வெயில்ல ஆடியிருப்பா. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான்" என்றான் கணவன். வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல மகளைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். கொடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். மெல்ல அவளை இறக்கிவிட்டு, மகள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையால் உதட்டை அழுத்தித் துடைத்தான். "டாக்டர்கிட்ட காட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தோல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுல வயசானவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லையே டாக்டர். ஏன்?"

"சும்மா கேட்டேன்." கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். குழாயைத் திறந்து கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். "இந்த க்ரீமைத் தடவுங்க. ஆனா குழந்தைக்கு இப்படி வர்றதை நான் பார்த்ததில்லை. இது பல வருஷம் வாழ்ந்த தோல் மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் மகளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து க்ரீமைத் தடவினாள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். மூச்சை அடக்கிக்கொண்டுதான் தடவினாள். தன் வயிற்றில் பிறந்ததைத் தொடக் கை கூசியது. கூசுகிறதே என்று நினைத்தபோது தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. உருண்டை சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"முத்தம் குடும்மா. நீ குடுக்கவே மாட்டேங்குற."

"க்ரீம் காயட்டும் கண்ணு."

கன்னத்தில் பிறைத் தழும்பைக் காணவில்லை. கை தாடைக்கு இறங்கியது. விரல் எதிலோ தடுக்கியது. பழுத்து மினுங்கும் ஒரு கட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு மரு.

மருவில் மூன்று மயிர். நடு மயிர் கொக்கி போல வளைந்திருந்தது.

அந்த மருவை அவளுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் மச்சத்தைவிட நன்றாகத் தெரியும். ஆயிரக்கணக்கான பிரேம்களில் அதை அவளே அழித்திருக்கிறாள். எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தால் எந்த மயிர் மினுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கட்டி அவள் விரலின் அழுத்தத்தில் சத்தமில்லாமல் உடைந்து, வெதுவெதுப்பாக மணிக்கட்டு வரை வழிந்தது.

"போய் முகம் கழுவிட்டு வா" என்றாள்.

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டரை நோக்கி ஓடினாள். மகளின் தோல் ஒட்டிய இடங்களை எல்லாம் ஷாட் ஷாட்டாக அழித்தாள். அழிக்க அழிக்க சாரின் முகம் பழையபடி பொத்துக்கொண்டு வந்தது. வரட்டும். எல்லாம் அவருக்கே போகட்டும். ஆனால் அழிந்தது அவளிடம் இருந்த பிரதியில் மட்டும்தான். போனை எடுத்தாள். சூப்பர்வைசரை அழைத்தாள்.

"நான் குடுத்த ஷாட்டை எல்லாம் திருப்பி அனுப்புங்க. எதையும் வெளிய விடாதீங்க. வேற மாதிரி பண்ணித் தர்றேன்."

"விளையாடாதீங்க மேடம்" என்றான் சூப்பர்வைசர். "டிரெய்லர் வந்தாச்சு. ஊரே பார்த்துக்கிட்டிருக்கு."

"அது என் பொண்ணோட தோல்!"

அந்தப் பக்கம் சிரித்தான். "தெரியுமே. நீங்க அனுப்புன ஃபைல்லதான் பாப்பா போட்டோ முழுசா இருந்துச்சே. அதை அப்படியே நம்ம மெஷினுக்குக் கத்துக்குடுத்தாச்சு. இனிமே அதுவே சாரோட முழு முகத்துக்கும் போட்டுக்கும், உங்களுக்கும் முதுகு வலி மிச்சம். இப்பதான் பல்லு முடிஞ்சுது. இருங்க, சார் பக்கத்துலதான் இருக்காரு. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு துடிக்கிறாரு."

போனில் வீடியோ விரிந்தது.

படத்தின் காட்சியல்ல, சாரே. நேரில். சாயம் கழுவிய அரை மொட்டை மண்டை. தொங்கும் கழுத்துச் சதை. நடுவில் ஒரு கன்னம். வழுவழுப்பாக. உப்பலாக. பிறைத் தழும்போடு.

"நல்லா இருக்கணும்மா நீ" என்றார் சார். "கண்ணாடியைப் பார்த்தா என்னை நானே கிள்ளிக் கொஞ்சணும் போல இருக்கு."

கிள்ளினார். கறை படிந்த விரல்களுக்கு நடுவே உருண்டையின் கன்னம் பிதுங்கியது. சிரித்தார். அரிசி அரிசியாகப் பால் பற்கள். முன்னால் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தடித்த நாக்கு நுழைந்து, பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

குளியலறையில் குழாய் நின்றது.

"சார், கண்ணு மட்டும்தான் பாக்கி" என்றது சூப்பர்வைசரின் குரல். "ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம்."

அவள் கத்தினாள். நிறுத்துங்கடா. நிறுத்துங்க. போன் கையிலிருந்து நழுவியது. தரையில் கவிழ்ந்து கிடந்தபடி பேசிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது.

முதலில் நாற்றம். புகையிலை. சாயம். தலையணை உறை.

"அம்மா, பல்லெல்லாம் விழுந்திடுச்சு."

பள்ளிச் சீருடை. சின்னக் கால்கள். நீட்டிய உள்ளங்கையில் பால் பற்கள், எச்சிலில் மிதந்துகொண்டு. அதற்கு மேலே பார்க்க மாட்டேன் என்று நினைத்தாள். பார்த்தாள். இரண்டு கன்னமும் போயிருந்தது. நெற்றியும் போயிருந்தது. உதட்டோரத்தில் வெள்ளை எச்சில், நூலாக நீண்டு, அறுந்து, மறுபடி சேர்ந்தது.

"ஆனா பாரு, புதுசு வந்திடுச்சு."

வாயைத் திறந்து காட்டினாள். நீளமாக. பழுப்பாக. ஈறு கரைந்து வேர் தெரிய.

"இப்பதான் க்ரீமே இல்லையேம்மா" என்று சொல்லிக்கொண்டு, முத்தத்துக்காக முகத்தைத் தூக்கினாள். மயிர் முளைத்த அந்தக் கிழட்டு முகத்துக்குள்ளிருந்து, இன்னும் உருண்டையுடையதாகவே இருந்த இரண்டு கண்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.